தோட்டா ரீலோடிங்: முதல் கையேடாக எதை வாங்குவது? 9 மி.மீ., .308

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்)

எல்லாருக்கும் வணக்கம். தம்பி டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கான், கிரீன் கார்டு. முறைப்படி வாங்கின 9 மி.மீ. பிஸ்டல் ஒண்ணு, .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒண்ணு வெச்சிருக்கான். சுட்ட கேஸை (தோட்டாவோட பித்தளைக் கூடு) எல்லாம் சேர்த்து வெச்சு, அதையே மறுபடி நிரப்ப இப்ப சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (ஒரு தடவைக்கு ஒரு வேலை செய்யற அழுத்தி), டை (அதுல மாட்டற அச்சு) செட் வாங்கிட்டான். துப்பாக்கி மருந்து இன்னும் வாங்கல. புத்தகம் பாத்துட்டு வாங்குன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்.

அவன்கிட்ட இப்ப இருக்கறது: 9 மி.மீ.க்கு 124 கிரெயின் (எடை அளவு) செம்பு முலாம் பூசின ரவுண்ட் நோஸ் புல்லட் (தோட்டா முனையில இருந்து பறக்கற குண்டு), .308க்கு சியரா 168 கிரெயின் மேட்ச்கிங்.

எவ்வளவு மருந்து போடணும்னு சொல்ற கையேடுகள் கடையில லைமன், ஹார்னடி, சியரா, நோஸ்லர், ஸ்பியர், லீ என்று வரிசையா நிக்குது. முதல்ல ஒண்ணு வாங்கணும்னா எது? அவனோட நண்பர் ஒருத்தர் பழைய பதிப்பை ஸ்கேன் பண்ணி பி.டி.எஃப்.பா அனுப்பியிருக்கார், அது போதுமா? ஒரே புல்லட், ஒரே மருந்து, ஆனா ரெண்டு புத்தகத்துல ரெண்டு எண் இருக்கு. எதை நம்பறது?

கடைசியா ஒண்ணு. என்கிட்ட இங்க 12 போர் லைசென்ஸ் இருக்கு. அதே புத்தகம் எனக்கும் உதவுமா?


அதியமான்கோட்டை (தருமபுரி)

வணக்கம்ங்க. மருந்து வாங்கும் முன்னாடி புத்தகம் என்று நிறுத்தி வைத்தீர்களே, அது ரொம்பச் சரி. பலர் கடையில் கிடைக்கிற மருந்தை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற பக்கத்தைத் தேடுவார்கள். தேடியது கிடைக்காதபோது பெயர் ஒத்திருக்கும் இன்னொன்றின் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். எச்4350 வேறு, ஐ.எம்.ஆர். 4350 வேறு. எச்4895 வேறு, ஐ.எம்.ஆர். 4895 வேறு. எண் ஒன்றாக இருப்பதால் மருந்து ஒன்றாகிவிடாது. எச்.பி.-38, வின்செஸ்டர் 231 போல இரண்டு பெயரில் விற்கும் ஒரே மருந்தும் உண்டு, ஆனால் அதைப் புத்தகம் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது.

எந்தப் புத்தகம் என்பதை காலிபரை வைத்து முடிவு செய்யாதீர்கள், புல்லட்டை வைத்து முடிவு செய்யுங்கள். சியரா, ஹார்னடி, நோஸ்லர், ஸ்பியர் எல்லாம் புல்லட் செய்கிற கம்பெனிகள். தங்கள் புல்லட்டைத்தான் சுட்டுப் பார்த்து எழுதுகிறார்கள். தம்பியிடம் சியரா 168 இருக்கிறது என்றால் .308க்கு சியரா கையேடுதான் நேரான பதில். அந்த புல்லட்டின் பெயரே பக்கத்தில் அச்சாகியிருக்கும், மொத்த நீளம் 2.800 அங்குலம் என்பதும் கூடவே இருக்கும்.

168 கிரெயின் என்று எடை ஒத்துப்போனால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஈயம் உள்ளே இருக்கும் புல்லட்டும் முழுச் செம்பில் கடைந்த புல்லட்டும் ஒரே எடையாக இருந்தாலும், செம்பு ஈயத்தைவிட லேசானது என்பதால் செம்பு புல்லட் நீளமாக இருக்கும். நீளம் கூடினால் கேஸுக்குள் அதிகம் இறங்கும், மருந்துக்கான இடம் குறையும். பேரலின் வரிகளில் உரசும் பரப்பும் மாறும். இரண்டும் அழுத்தத்தை மாற்றும்.

9 மி.மீ. முலாம் பூசிய புல்லட் கொஞ்சம் சிக்கல். அது ஜாக்கெட் (தடித்த செம்பு உறை போட்ட) புல்லட் அல்ல, வார்ப்பு ஈயமும் அல்ல. பெரும்பாலான கையேடுகளில் அதற்கென்று பக்கம் இருக்காது. அதைச் செய்கிறவர் தன் தளத்திலோ பெட்டியிலோ எந்த வகைத் தரவைப் பின்பற்றலாம், எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருப்பார். முலாம் மெல்லியதாக இருந்தால் வேகம் கூடும்போது உரியும், கேஸின் வாயை இறுக்கமாகக் கிரிம்ப் செய்தாலும் (உள்நோக்கி அழுத்தினாலும்) வெட்டுப்படும். லைமன் கையேடு இங்கேதான் உதவும். ஒரு கம்பெனி புல்லட்டோடு நிற்காமல் பலருடையதையும், வார்ப்பு ஈயத்தையும் சேர்த்துத் தருகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டும் அழுத்தத்தோடு சேர்ந்து இருக்கும்.

ஆக என் பரிந்துரை: படித்துக் கற்க லைமன், ரைபிளுக்கு சியரா. மூன்றாவதாக, காசு இல்லாமல், மருந்து செய்கிற கம்பெனியின் இணையப் பக்கம். ஹாட்ஜ்டன், அலையன்ட், விட்டாவோரி மூன்றும் தங்கள் தரவை இலவசமாகவே வைத்திருக்கின்றன. விட்டாவோரி அட்டவணையில் கிராமும் கிரெயினும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நம் ஆட்களுக்கு வசதி.

ஸ்கேன் பி.டி.எஃப். வேண்டவே வேண்டாம். நகல் எடுக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான். 5.0 என்பது 50 ஆகத் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 4.3 என்பது 4.8 ஆகத் தெரிந்தால் வராது, 9 மி.மீ.யில் அந்த அரை கிரெயின் தொடக்க அளவிலிருந்து உச்சத்துக்கே கொண்டுபோய்விடும். பழைய பதிப்பில் இன்னொரு குறை: சில பழைய அட்டவணைகள் செம்பு உருளை நசுங்குவதை வைத்து அளந்த சி.யு.பி. கணக்கில் இருக்கும், இன்றைய மின்னணு அளவீடு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) கணக்கு. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றுகிற நேர்ச் சூத்திரம் கிடையாது. பழைய பதிப்பைத் தூக்கிப்போட வேண்டாம், முறைகளைப் படிக்க வைத்துக்கொள்ளலாம். அளவை மட்டும் புதிய பதிப்பிலிருந்து எடுங்கள்.


தேன்கனி (தேன்கனிக்கோட்டை)

அதியமான்கோட்டை சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. முதல் புத்தகமா படிக்க லீ மாடர்ன் ரீலோடிங் கையில எடுத்தா, பிரஸ் எப்படி வேலை செய்யுது, டை எதுக்கு அந்த வரிசையில போகுதுன்னு ரொம்பத் தெளிவா புரியும். அளவுத் தரவு அவங்களே சுட்டு எடுத்தது இல்ல, மருந்து கம்பெனிகள் வெளியிட்டதைத் தொகுத்தது. அதனால தரவுக்கு அதை முதல்ல வைக்க மாட்டேன். அதுல கரண்டி அளவு, அதாவது எத்தனை சி.சி. மருந்து என்கிற கணக்கும் வரும். மருந்தோட அடர்த்தி லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும், கரண்டியில அள்ளுற கையும் மாறும். கரண்டியில அள்ளினாலும் தராசுல போட்டே ஆகணும்.

தராசு பத்தி யாரும் சொல்லல, அதனால சொல்றேன். புத்தகம் முழுக்க கிரெயின் கணக்கு. 7000 கிரெயின் சேர்ந்தா ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் 0.0648 கிராம். நம்ம பத்தர் கடை குன்றிமணி இருக்கே, சிவப்பு கறுப்பு, அதோட எடையில கிட்டத்தட்ட பாதி. சமையலறைத் தராசு ஒரு கிராம் படியா காட்டும், அதாவது 15.4 கிரெயின். 9 மி.மீ. தோட்டாவுக்கு மருந்து பெரும்பாலும் 4லிருந்து 6 கிரெயினுக்குள்ளதான் வரும். ஒரு தோட்டாவுக்கான மருந்தை முழுசா போட்டாக்கூட அந்தத் தராசு ஒரு படி நகராது. 0.01 கிராம் காட்டுற தராசும் 0.15 கிரெயின் படி, அதுவும் போதாது. 0.1 கிரெயின் காட்டுற ரீலோடிங் தராசு, கூடவே சோதனை எடைக்கல். ஃபேன் காத்து பட்டாலே எண் ஓடும், ஏசி நேரா அடிக்கிற மேசையில வைக்கக் கூடாது. தம்பி கிரெயினை கிராமுக்கு மாத்தி எழுதவே வேண்டாம். தராசையே கிரெயினுக்கு மாத்திட்டு, பட்டன் மேல டேப் ஒட்டிடச் சொல்லுங்க.

இப்ப அந்த ரெண்டு எண் கேள்வி. ரெண்டுமே சரிதான், ஏன்னா ரெண்டும் வேற வேற சோதனை. புத்தகத்துல ஒரு .308 பக்கத்தைத் திறந்தா அட்டவணைக்கு மேல ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எந்த கம்பெனி கேஸ், எந்த பிரைமர் (கேஸ் அடியில இருந்து மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி), பேரல் எத்தனை அங்குலம், கேஸ் வெட்டின நீளம், புல்லட் வெச்ச மொத்த நீளம். புதுசா வர்றவங்க இதைத் தாண்டி நேரா அட்டவணைக்குப் போயிடுவாங்க. அந்தக் கட்டத்துல ஒண்ணு மாறினாலும் கீழ இருக்கற எண் மாறும். .308 கேஸ் 2.015 அங்குலத்துக்கு மேல வளரக் கூடாது, வெட்டினா 2.005க்கு வெட்டணும். வளர்ந்த கேஸ் சேம்பர் (துப்பாக்கியில தோட்டா உட்கார்ற அறை) முனையில போய் இடிச்சா வாய் புல்லட்டை இறுக்கிப் பிடிச்சுக்கும், வெடிக்கும்போது விடாது, அழுத்தம் எகிறும்.

அதனால ரெண்டு புத்தகத்தையும் விரிச்சு வெச்சு, ரெண்டுலயும் குறைவான தொடக்க அளவை எடுக்கறது நடைமுறை. உச்சமும் அப்படித்தான், குறைவா இருக்கறதுதான் உங்க உச்சம். உச்சம் மட்டும் போட்டிருந்தா அதுல 10 சதவீதம் கழிச்சுத் தொடங்கணும். ஆனா இதுக்கு விலக்கு இருக்கு. எச்110, வின்செஸ்டர் 296 மாதிரி மருந்தை அவ்வளவு குறைக்கக் கூடாதுன்னு புத்தகத்துலயே எழுதியிருக்கும், குறைச்சா சரியா பத்தாம புல்லட் பேரல்லயே நின்னுடும். குறைவுதான் எப்பவும் பத்திரம் என்கிற நினைப்பை முதல்லயே விட்டுடணும்.

ஹார்னடி, சியரா ரெண்டுலயும் அட்டவணை வேற மாதிரி. மேல வேகம் வரிசையா போகும், நொடிக்கு 2300 அடி, 2400 அடி என்று. கீழ ஒவ்வொரு மருந்துக்கும் அந்த வேகத்துக்கு எத்தனை கிரெயின்னு இருக்கும். அந்த வரியில கடைசி எண்தான் உச்சம். பக்கத்துக் கட்டம் காலியா இருந்தா அது அச்சுப் பிழை இல்ல, அதுக்கு மேல போகாதேன்னு அர்த்தம். வரி மாறிப் படிக்கறது ரொம்ப சுலபமா நடக்கும். ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழ வெச்சுப் படிச்சு, ஒரு அட்டையில எழுதி, அதை மறுபடி புத்தகத்தோட ஒப்பிட்டு, அப்புறம் புத்தகத்தை மூடிட்டு அந்த அட்டையை மட்டும் மேசையில வைக்கணும். மேசையில ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிஞ்சதும் மிச்சத்தை அதே டப்பாவுல கொட்டிட்டுத்தான் எழுந்திருக்கணும். மெஷர்ல (மருந்தை அளந்து ஊத்துற கருவி) பெயர் தெரியாம நிக்கிற மருந்து எதுக்கும் உதவாது, கொட்டி அழிக்க வேண்டியதுதான்.

நோஸ்லர் புத்தகத்துல கேஸுக்குள்ள மருந்து எத்தனை சதவீதம் நிறையுதுன்னு ஒரு கட்டம் இருக்கும். 9 மி.மீ.க்கு அந்தக் கணக்கு மனசுல இருக்கணும். சில வேகமான மருந்து கேஸ்ல பாதிகூட நிறையாது, அப்ப தவறிப்போய் ரெண்டு தடவை ஊத்தினாலும் வழியாம உள்ள நின்னுடும். புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி அம்பது கேஸையும் பிளாக்ல (குழி போட்ட தட்டு) நிக்க வெச்சு, டார்ச் அடிச்சு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் எட்டிப் பாக்கணும். மட்டம் ஒண்ணு மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தா பளிச்சுனு தெரியும். புதுசா தொடங்கறவங்க பாதிக்கு மேல நிறையற மருந்தாப் பாத்து வாங்கினா அந்த ஆபத்தே குறையும். மருந்து வாங்கும் முன்ன புத்தகம் வேணும்னு சொல்றது இதுக்காகவும்தான்.


தென்பெண்ணைக்கரை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தம்பிகிட்ட பேசினேன். பிரைமர் அவனுக்கு சி.சி.ஐ. கிடைக்குது, புத்தகத்துல வேற கம்பெனி போட்டிருக்கு. .308 கேஸ்ல பாதி ராணுவ கேஸ், அடியில வட்டத்துக்குள்ள சிலுவை முத்திரை. பேரல் 20 அங்குலம், புத்தகத்துல இருக்கறது அதைவிட நீளம். இதுக்கெல்லாம் எண்ணை எப்படித் திருத்தறது?


அதியமான்கோட்டை (தருமபுரி)

திருத்தக் கூடாது, தொடக்க அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொடக்க அளவு என்று ஒன்று வைத்திருப்பதே இப்படிப்பட்ட வேறுபாட்டைத் தாங்குவதற்காகத்தான்.

பிரைமர் அதே வகையாக இருக்க வேண்டும்: .308க்கு லார்ஜ் ரைபிள், 9 மி.மீ.க்கு ஸ்மால் பிஸ்டல். சாதாரணம் என்று போட்டிருக்கும் இடத்தில் மேக்னம் பிரைமர் வைக்கக் கூடாது. வகை ஒத்து கம்பெனி மட்டும் மாறினால் மறுபடி கீழிருந்து ஏற வேண்டும். ஒரு பெட்டி தீர்ந்து வேறு கம்பெனி பிரைமர் வாங்கும்போதும் இதே கதைதான்.

அந்தச் சிலுவை நேட்டோ முத்திரை. ராணுவ கேஸ் பொதுவாகத் தடிமன் கூடியது, வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இடம் குறைவு. அதே மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும். அவற்றைத் தனி டப்பாவில் போடட்டும், மற்றதோடு கலக்கவே கூடாது. பிரைமர் குழியைச் சுற்றி வளையம் போல அழுத்தியிருந்தால் அது கிரிம்ப். அதை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரித்தோ) சீவியோ எடுக்காமல் புதிய பிரைமரைத் திணித்தால் நசுங்கும். கேஸுக்குள் எட்டிப் பார்த்து நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் பாக்ஸர், நிரப்பலாம். சிறிதாக இரண்டு ஓட்டை இருந்தால் பெர்டன், டையின் ஊசியை உடைத்துவிடும். அதை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், முதல் 200 தோட்டாவுக்கு ராணுவ கேஸைத் தொடாமல் ஒரே கம்பெனியின் வணிக கேஸை மட்டும் எடுத்துக்கொள்வது நிம்மதி.

பேரல் விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். .308இல் பேரல் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 அடி வரை வேகம் குறையும். 20 அங்குல பேரலில் புத்தகத்தின் வேகம் வரவில்லையே என்று மருந்தைக் கூட்டினால், வேகம் கொஞ்சம்தான் கூடும், அழுத்தம்தான் எகிறும். அதையே தலைகீழாகவும் பாருங்கள்: நீளம் குறைந்த பேரலில் புத்தகத்தின் உச்ச வேகம் கிடைத்துவிட்டால் உச்ச அழுத்தத்தைத் தாண்டிவிட்டோம் என்று பொருள், எத்தனை கிரெயின் போட்டிருந்தாலும் சரி. அதனால் க்ரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) ஆடம்பரச் சாமான் இல்லை. பிரைமர் தட்டையாவது, போல்ட் இறுகுவது, கேஸ் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடம் விழுவது, இவையெல்லாம் தாமதமாக வரும் அறிகுறிகள். .308க்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்த எல்லை 62,000 பி.எஸ்.ஐ. அறிகுறி தெரிந்த பிறகு குறைக்கலாம் என்பவர் அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டியிருக்கக் கூடும்.

9 மி.மீ.க்கு ஒன்று சேர்க்கிறேன். எல்லை 35,000 பி.எஸ்.ஐ. கேஸ் மிகச் சிறியது என்பதால் புல்லட் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே அழுத்தம் சட்டென்று கூடும். கேஸின் வாய் புல்லட்டை உறுதியாகப் பிடித்திருக்கிறதா என்று, முடிந்த தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி, முன்பும் பின்பும் வெர்னியரில் அளக்க வேண்டும். நீளம் குறைந்திருந்தால் வாயை விரிக்கும் டையைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும்.


ஊத்தங்கரை 635207

கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் நம் மாவட்டத்துக்கு முக்கியம்.

புத்தகம் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், படிக்கலாம். இங்கே வீட்டில் தோட்டா நிரப்பக் கூடாது. 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 5இன்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருக்கும் 12 போர் உரிமம் துப்பாக்கியும் அதில் எழுதிய எண்ணிக்கைத் தோட்டாவும் வைத்திருப்பதற்கு. தயாரிப்பது அதில் அடங்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 5ஐ மீறித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை சிறை. அஞ்செட்டி, பென்னாகரம் மலைப் பக்கம் கரிமருந்து இடிக்கிற பழைய பழக்கம் தெரிந்தவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நண்பர்களுக்கு நிரப்பி விற்க ஆரம்பித்தால் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும். தம்பி அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

பாடமாகப் பார்த்தாலும் அந்தக் கையேடுகள் 12 போருக்குப் பொருந்தாது. ஷாட்கன் தோட்டாவுக்குத் தனிப் புத்தகம், லைமனிலேயே தனியாக வருகிறது. அங்கே கீழிருந்து ஏறுகிற கணக்கே கிடையாது. கூடு, பிரைமர், மருந்து, வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு), ரவை எடை ஐந்தும் அச்சிட்டபடியே இருக்க வேண்டும், வாட் ஒன்று மாறினாலும் அது வேறு தோட்டா. .22 ரிம்ஃபயர் சுடுகிற கிளப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறேன், அதில் பிரைமர் மருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி நிரப்பவே முடியாது.

தம்பி ஊருக்கு வரும்போது பிரைமர், மருந்து எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையையே பயணப் பையாகக் கொண்டுவந்து, மூலையில் கிடந்த ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் இறங்கி கிருஷ்ணகிரி வருவதற்குப் பதில் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும். அந்தப் பையை அங்கேயே விட்டுவிட்டு வேறு பை எடுத்து வரச் சொல்லுங்கள். சுட்டுப்போன காலி கேஸைச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தாலும் கழற்றிவிடட்டும்.


தென்பெண்ணைக்கரை

புரிஞ்சுதுங்க. இங்க அந்த யோசனையையே விட்டாச்சு. தம்பிக்கு லைமனும் சியராவும் சொல்லிட்டேன், ராணுவ கேஸைத் தனியா எடுத்து வெச்சுட்டான். முலாம் புல்லட் பெட்டியில எதுவுமே எழுதலையாம், செஞ்ச கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கான்.


தேன்கனி (தேன்கனிக்கோட்டை)

பதில் வர்ற வரைக்கும் அந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். 9 மி.மீ.க்கு லைமன்ல பெயரோட இருக்கற 124 கிரெயின் ஜாக்கெட் புல்லட் ஒரு பெட்டி வாங்கி அதுல ஆரம்பிக்கட்டும். புல்லட், மருந்து, பிரைமர் மூணு பெயரும் ஒரே பக்கத்துல இருக்கற மாதிரி பாத்து வாங்கினா முதல் அம்பதுக்கு எதையும் ஊகிக்க வேண்டியதில்ல. மருந்து டப்பா, பிரைமர் பெட்டி ரெண்டுலயும் இருக்கற லாட் எண்ணை முதல் நாளே நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க.